ஆறு நாள் ஓய்வு

மணிக்கூட்டில் ஆறு நிமிடத்தைப் போட்டுவிட்டுக் கதவைத் திறந்தார்கள். ஆறு பிள்ளைகளும் ஒருத்திக்குப் பின்னால் ஒருத்தியாக ஐஸில் இறங்கினார்கள். ஆரபி நாலாவது. ஸ்கேட்டிங் சப்பாத்தின் கத்தி உறைகளைக் கழற்றிக் கோச் ஹெலனின் கையில் கொடுத்தாள், மூக்கைத் துடைத்தாள், இடக்காலை வைத்து இறங்கினாள். மேலே பார்வையாளர் பக்கம் மூன்றாவது வரிசை வாங்கில் இருந்த தாய் வதனி எட்டிப் பார்த்தாள். இடக்கால்! ஒன்பது வருசமாக இந்தப் பிள்ளை வலக்காலைத்தான் முதல் வைக்கும். வதனி பழக்கின பழக்கம் அது. ஆறு வயதில், வாடகைச் சப்பாத்தோடு கதவுக் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குழறின பிள்ளையை, "வலக்காலை வைச்சு இறங்கு குஞ்சு, ஒண்டும் நடவாது" என்று சொல்லி இறக்கிவிட்டது அவள்தான். புது வீட்டுக்கும் மணவறைக்கும் வலக்காலை வைத்துப் போகிற சனம் ஐஸை மட்டும் சும்மா விடுமோ? மற்றத் தாய்மார் பார்த்துச் சிரித்தார்கள், சிரிக்கட்டும், பிள்ளை ஒருநாளும் பிசகவில்லை. இண்டைக்கு இடக்கால். மறந்திருப்பாள். பதற்றம். மாகாணப் போட்டி என்றால் சும்மாவா, முதல் நாலு பேருக்குள் வந்தால் தேசியப் போட்டி, நேற்றைய ஆட்டத்தில் மூன்றாவதாய் நிற்கிறாள், இண்டைக்கு இந்த மூன்று நிமிடத்தை விழாமல் முடித்தால் காணும், பதற்றம் வராமல் என்ன செய்யும்? மறந்துதான் இருப்பாள். வதனி தேர்மோஸின் மூடியைத் திருகித் திறந்தாள், பிறகு திரும்ப மூடினாள். மறக்கவில்லை என்று அவளுக்குத் தெரியும். வலக்காலின் நடு எலும்பில் வெடிப்பு இருக்கிறது, அந்தக் காலை ஊன்றப் பிள்ளை பயப்படுகிறாள், இதிலே கண்டுபிடிக்க என்ன கிடக்கு.

பிள்ளைகள் சுற்றத் தொடங்கிவிட்டார்கள். ஐஸைக் கத்தி சீவுகிற அந்தச் சத்தம், தேங்காய் துருவுகிற மாதிரி, கண்ணை மூடினாலும் வதனிக்கு எந்தச் சத்தம் தன் பிள்ளையின் சத்தம் என்று தெரியும். இந்த ஆறு நிமிடமும் உடம்பு சூடேற்ற. முடிந்தவுடன் ஐந்து பேர் வெளியே வருவார்கள், ஒருத்தி தனியே ஆடுவாள், அந்த முதல் ஆள் ஆரபி. சீட்டுக் குலுக்கினபோது அப்படி விழுந்தது. நல்லதுதான், காத்திருந்தால் கால் விறைத்துப் போகும். விறைத்தால் நோகாதல்லோ? சீ, என்ன விசர்க் கதை இது. வதனி கோட்டின் சிப்பை இழுத்தாள், அது பாதியில் சிக்கியது, எப்போதும் சிக்குகிற அதே இடத்தில். அவளுக்குக் குளிர் புதிதில்லை. சான்ட்விச் பொதி பண்ணுகிற தொழிற்சாலையில் குளிர் அறைக்குள்தான் வேலை, அங்கேயும் குளிர், இங்கேயும் குளிர், இந்த நாட்டுக்கு வந்த பதினாறு வருசத்தில் அவள் சூடாக நின்ற இடம் என்றால் வீட்டு அடுப்படி மட்டும்தான். ஆனால் இந்தக் குளிர் வேறை. அங்கே அவளுக்குப் பேர் கிடையாது, நாலாம் வரிசைப் பொம்பிளை, அவ்வளவுதான். இங்கே அவள் ஆரபியின் அம்மா. அதுவும் சும்மா கிடைக்கவில்லை. முதல் நாலைந்து வருசம் இந்த வாங்கில் அவளுக்குப் பக்கத்தில் ஒருத்தரும் இருக்கமாட்டார்கள், பையைத்தான் வைப்பார்கள். பதினொரு வயதில் பிள்ளை இரண்டரைச் சுற்று அக்ஸலை ஒருநாள் விழாமல் இறக்கினாள். முன்னுக்குப் பார்த்துப் பாய்கிற பாய்ச்சல், எல்லாப் பாய்ச்சலிலும் பொல்லாதது. அடுத்த கிழமை பைகள் தரைக்கு இறங்கின, "இருங்கோ, இருங்கோ" என்று ஆங்கிலத்தில் உபசாரம். ஒலிபெருக்கியில் எவனோ ஒருத்தன் பிள்ளையின் பேரைத் தகப்பன் பேரோடு சேர்த்து நாக்குப் புரளப் புரளச் சொல்லுகிறபோது வதனிக்கு வருகிற சந்தோசம் கல்யாணத்தன்று வந்ததில்லை, பிள்ளை பெற்ற அன்றும் வந்ததில்லை. வெளியே சொன்னால் காறித் துப்புவார்கள். உண்மை அதுதான், என்ன செய்ய.

நாலரை நிமிடம் இருக்கு. ஆரபி ஒற்றைச் சுற்றுகள் மட்டும் பாய்ந்துகொண்டிருந்தாள், மற்றப் பிள்ளைகள் இரண்டுக்கும் மூன்றுக்கும் போய்விட்டார்கள். ஹெலன் தடுப்பில் சாய்ந்து இரண்டு விரலைக் காட்டினாள், இரண்டு, இரண்டு. பிள்ளை தலையை ஆட்டிவிட்டு இன்னுமொரு சுற்றுச் சும்மா போனாள். பாய் பிள்ளை, பாய், ஆட்கள் பார்க்கினம். ஐயோ, பாயாதை. வதனி கையைத் தொடைக்கு அடியில் வைத்தாள். விரல்களில் இன்னும் நாடா இழுத்த தடம் இருந்தது. சப்பாத்து நாடா கட்டுகிறதும் அவள்தான், ஆறு வயதில் தொடங்கினது. பன்னிரண்டு வயதில் ஹெலன் சொன்னாள், இனிப் பிள்ளை தானே கட்டட்டும் என்று. ஆரபி மாட்டன் என்றுவிட்டாள். அம்மா கட்டினால்தான் எனக்கு இறுக்கம் சரி. அந்தச் சொல்லை வதனி எத்தனை பேருக்குச் சொல்லித் திரிந்திருப்பாள்! இண்டைக்கும் மத்தியானம் உடுப்பு மாற்றுகிற அறையில் முழங்காலில் இருந்து கட்டினாள். இடக்கால் சுகமாய்ப் போனது. வலக்காலை மடியில் வைத்துச் சப்பாத்தின் நாக்கை விலக்கினபோது, காலுறைக்கு மேலாலேயே தெரிந்தது, பாதத்தின் மேடு அவித்த முட்டை மாதிரிப் புடைத்து, சுட்டது. சப்பாத்து மூடமாட்டன் என்றது. வதனி நிமிர்ந்து பிள்ளையைப் பார்த்தாள். "நோகேல்லைத்தானே?" என்று கேட்டாள். நோகுதோ என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. "இல்லை, இறுக்குங்கோ" என்றாள் ஆரபி, சுவரைப் பார்த்துக்கொண்டு. வதனி இழுத்தாள். "இன்னும்." இன்னும் இழுத்தாள், கொக்கி ஒவ்வொன்றாய், மேலே மேலே, பிள்ளையின் கை வாங்கின் விளிம்பைப் பிடித்திருந்தது, நகம் வெளுத்துப்போய். முடிச்சைப் போட்டுவிட்டுச் சப்பாத்தைத் தட்டினாள், வழக்கமாய்த் தட்டுகிற மாதிரி. எந்தத் தாய் அப்படி இறுக்குவாள்? நான் இறுக்கினனான். அவள்தானே இறுக்கச் சொன்னவள். நான்தானே இறுக்கினனான்.

டொக்டரின் அறை நினைவுக்கு வந்தது, வராமல் இருந்தால்தானே. இன்றைக்கு இருபது நாள். வதனிக்கு எங்கே போனாலும் பிள்ளைதான் மொழிபெயர்ப்பு: வங்கியில், பள்ளிக்கூடத்தில், டொக்டரிடம், ஆறேழு வயதிலிருந்தே. இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான், பெரியவர்களின் வாய் பிள்ளைகளிடம் இருக்கும். டொக்டர் படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டிப் பேனா முனையால் காட்டினார், மயிர் மாதிரி ஒரு கோடு. காட்டிக்காட்டி நெடுகச் சொன்னார். சிக்ஸ் வீக்ஸ் என்றார், ஆறு கிழமை, நாற்பத்திரண்டு நாள். ஒரு பாய்ச்சலும் கூடாது, ஐஸே கூடாது என்றார். மீறிப் பாய்ந்தால் எலும்பு ஒரேயடியாய்ப் பிளக்கும், பிறகு ஆணி போட்டுப் பூட்டவேண்டி வரும், பூட்டினாலும் பழையபடி பாய ஏலாமல் போகலாம் என்றார். சொல்லிவிட்டு வதனியைப் பார்த்தார். விளங்கினதா என்று கேட்டார். வதனி "யெஸ், யெஸ்" என்றாள். எல்லாம் விளங்கினது! பதினாறு வருசம், ஆங்கிலம் பேசத்தான் வாய் வராது, காதுக்கு என்ன குறை? அதிலும் சிக்ஸ் வீக்ஸ். பாண் வெட்டுகிற மிசினில் விரலைக் கொடுத்தபோது அவளுக்கே எழுதித் தந்த கடுதாசியில் இருந்த சொல் அது. பிறகு டொக்டர் ஆரபியைப் பார்த்து, அம்மாவுக்கு வடிவாய்ச் சொல்லு என்றார். பிள்ளை சுவரில் ஒட்டியிருந்த எலும்புக்கூட்டுப் படத்தைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள், கடைசியாய்த் தாயின் முகத்தைப் பார்த்தாள், கொஞ்சம் கூடுதலான நேரம் பார்த்தாள். "ஆறு நாள் ஓய்வெடுக்கட்டாம் அம்மா. பிறகு பிரச்சினை இல்லையாம்." அந்தக் கணம் வதனிக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. சந்தோசம் வந்தது. தலையில் தண்ணீர் ஊற்றின மாதிரி ஒரு ஆறுதல். "அவ்வளவுதானோ?" என்றாள். "அப்ப காணும்" என்றாள்.

அந்த ஆறு நாளையும் அவள் கடைப்பிடித்த கடைப்பிடிப்பை நினைத்தால் சிரிப்பு வரும், சிரிக்கிற விசயம் இல்லை, ஆனாலும் வரும். கோயில் கலண்டரில் நாள் நாளாய்க் கோடு போட்டாள். ஐந்தாம் நாள் ஆரபி ஐஸில் சும்மா நின்று பார்க்கிறன் என்று கெஞ்சினாள். "ஒரு நிமிசமும் கூடாது. டொக்டர் ஆறு நாள் எண்டால் ஆறு நாள்தான்" என்று கண்டிப்பாய்ச் சொன்னாள், தாய் என்றால் தாய், பார்த்துக்கொள்ளுங்கோ! பாதத்துக்கு ஐஸ் வைத்தாள், மஞ்சள் பால் கொடுத்தாள், எண்ணெய் தடவினாள். புருசன் ரூபன் லொறியோடு மொன்றியல் போய் வந்து, பிள்ளையின்ரை காலுக்கு என்ன என்று கேட்டபோது, "ஆறு நாள் ஓய்வாம், வேறை ஒண்டுமில்லை" என்று அவளே சொன்னாள். நோகுதெண்டால் நிப்பாட்டு வதனி, என்ன பெரிய ஸ்கேட்டிங், என்றான் அந்த மனிசன். உங்களுக்கு ஒண்டும் தெரியாது, சும்மா இருங்கோ. ஹெலன் வாசலில் மறித்து, டொக்டர் ஓகே சொன்னாரா என்று கேட்டபோதும் "ஓகே" என்றாள், கட்டைவிரலையும் காட்டினாள். பொய் யாருடையது என்று கேட்டால் பிள்ளையுடையது. ஊரெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்தது யார்? மூன்று நிமிடம் இருக்கு. இறங்கிப் போய் ஹெலனிடம் ஒரு சொல் சொல்லலாம். நோ. சிக்ஸ் வீக்ஸ். அவ்வளவு ஆங்கிலம் அவளிடம் இருக்கு. பிறகு ஹெலன் கேட்பாள், ஏன் இவ்வளவு நாளும் சொல்லவில்லை என்று. பிறகு இந்த வாங்கில் இருக்கிற எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். பைகள் திரும்ப வாங்குக்கு ஏறும். சிப்பை இன்னொருமுறை இழுத்தாள். சனியன், அசையுதில்லை.

டொக்டர் இன்னொன்றும் கேட்டார், அதை ஆரபி மொழிபெயர்க்கவே இல்லை. பிள்ளைக்கு மாதச் சுகவீனம் வரத் தொடங்கிவிட்டதா, சாப்பாடு ஒழுங்காய்ச் சாப்பிடுகிறாளா, எலும்பு காய்ந்துபோய்க் கிடக்கிறதே என்று. ஆரபி தலையை ஆட்டி ஏதோ சொன்னாள். பதினைந்து வயது நடக்கிறது, இன்னும் பெரியபிள்ளை ஆகவில்லை. மச்சாள் தொலைபேசி எடுக்கிறபோதெல்லாம், "என்னடியப்பா, இன்னும் சாமத்தியவீட்டுக்கு ஹோல் புக் பண்ணேல்லையோ?" என்று நக்கலடிப்பாள். மற்றத் தாய்மார் என்றால் நேர்த்தி வைப்பார்கள், வைத்தியரிடம் ஓடுவார்கள். வதனியும் நேர்த்திதான் வைத்தாள். முருகன் கோயிலில் நின்று, இந்த வருசம் வேண்டாம் அப்பனே, இந்தப் போட்டி முடியட்டும், தேசியப் போட்டியும் முடியட்டும், பிறகு பார்ப்பம் என்று கும்பிட்டாள். உடம்பு மாறினால் பாய்ச்சல் போய்விடும் என்று ஹெலன் ஒருநாள் வேறு யாரோ பிள்ளையைப் பற்றிச் சொன்னது அவள் காதில் விழுந்தது, அதற்கும் மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை. அன்றிலிருந்து பிள்ளைக்குச் சோறு ஒரு கரண்டி. பிறகு அரைக் கரண்டி. போன மாசம் பிள்ளை அடுப்படியில் நின்றபடி சட்டியின் அடியில் ஒட்டின சோற்றைச் சுரண்டித் தின்றுகொண்டு நின்றாள், தாயைக் கண்டதும் கரண்டியைக் கழுவி வைத்தாள். பெற்ற பிள்ளை வளரக்கூடாது என்று எந்தத் தாய் கும்பிடுவாள்? முருகனுக்கே வெட்கமாய் இருந்திருக்கும். ஆனால் அவர் கேட்டிருக்கிறார். கேட்டதைக் கொடுத்திருக்கிறார்.

அப்போதுதான் ஆரபி பின்பக்கமாய் வேகம் எடுத்தாள். முன்னுக்குத் திரும்பினாள், பாய்ந்தாள், இரண்டரைச் சுற்று, அந்தரத்தில் ஒரு குறையும் இல்லை, சும்மா சொல்லக்கூடாது, அந்தரத்தில் அவளை மாதிரி இந்த ஆறு பேரில் ஒருத்தியும் இல்லை. பிறகு வலக்காலில் இறங்கினாள். எந்தப் பாய்ச்சல் என்றாலும் கடைசியில் வலக்காலில்தான் வந்து விழவேண்டும், முழுப் பாரமும். இறங்கின அதே கணம் இடக்காலும் ஐஸைத் தொட்டுவிட்டது. ஊன்றிவிட்டாள். கை விரித்திருந்தது, முகம் சிரித்திருந்தது, ஆனால் வாய் ஒரு பக்கம் இழுபட்டதை வதனி கண்டாள். பக்கத்தில் இருந்த பொம்பிளை, "பரவாயில்லை, வோம் அப்தானே" என்று அவளின் கையைத் தட்டினாள். வதனி தலையாட்டினாள். கால் என்றால் என்ன என்று அவளுக்கு ஒருத்தரும் படிப்பிக்கத் தேவையில்லை. கிளிநொச்சியில் சின்னண்ணை படுக்கப் போகமுன்னம் பொய்க்காலைக் கழற்றிச் சுவரில் சாத்திவைப்பான், சப்பாத்தோடே. அந்தச் சப்பாத்துக்கு நாடா கட்டிவிட்டதும் அவள்தான். அண்ணை கேட்டுப் போன கால் இல்லை அது, சண்டையில் பறிகொடுத்த கால். இது? இதை என்னண்டு சொல்லுறது? ஐயோ, ஒரு வெடிப்புத்தானே, மயிரளவு கோடு, எத்தனை பேர் இதைவிட மோசமான காலோடு ஆடுகினம், மூண்டே மூண்டு நிமிசம், அதிலே பாய்ச்சல் ஏழு, ஏழு தரம் இறங்கவேணும், ஏழே ஏழு தரம், முடிய வீட்டை போய் ஆறு கிழமை என்ன, ஆறு மாசம் படுக்கட்டும், நானே சோறு தீத்துறன், சட்டி நிறையச் சோறு. ஒரு நிமிடம் இருக்கு. எழும்பு வதனி. எழும்பினாள். இருந்துவிட்டாள். தேர்மோஸ் விழுந்து உருண்டு கீழ் வரிசைக்குப் போனது.

மணி அடித்தது. ஐந்து பிள்ளைகள் வெளியே வந்தார்கள். ஆரபி கதவடியில் நின்றாள், ஹெலன் ஏதோ சொல்லச் சொல்ல அதைக் கேட்காமல் மேலே பார்த்தாள், வதனியைத் தேடிப் பிடித்தாள், குனிந்து வலச் சப்பாத்தைத் தொட்டுக் காட்டினாள். நாடா. வதனி படி படியாய் விழுந்தடித்துக்கொண்டு இறங்கினாள், காவலுக்கு நின்ற பெட்டை கையை நீட்டி மறித்தாள், பிறகு விட்டாள். ஆரபி ரப்பர் விரிப்புக்கு வந்து காலைத் தூக்கி வாங்கில் வைத்தாள். வதனி முழங்காலில் இருந்தாள். முடிச்சு மத்தியானம் போட்டபடியே கல்லாய் இருந்தது.

"அவிழேல்லையே பிள்ளை."

"தெரியும்."

ஹெலன் தமிழ் விளங்காமல் ஒரு அடி தள்ளி நின்று மணிக்கூட்டைப் பார்த்தாள். ஆரபி குனியவில்லை. குரலை மட்டும் இறக்கினாள்.

"அம்மா. அண்டைக்கு டொக்டர் சொன்னது உங்களுக்கு விளங்கினதுதானே?"

வதனியின் கை நாடாவில் நின்றது. ஓம் என்று ஒரு சொல். அதைச் சொன்னால் காணும், எல்லாம் இந்த ரப்பர் விரிப்பிலேயே முடிந்துவிடும். ஹெலன் போய் நடுவர்களிடம் கதைப்பாள், சப்பாத்தைக் கழற்றலாம், கால் மூச்சு விடும், வீட்டுக்குப் போகலாம். எட கடவுளே, அண்டைக்கு அந்த அறையிலேயே இவள் இதைத்தான் கேட்டாளோ? தன்ரை ஆசைக்குப் பொய் சொன்னாள் என்றல்லோ நினைத்திருந்தன். என்ரை முகத்தைப் பார்த்துத்தான் சொன்னவள். இது பொய், பிள்ளை என்று நான் சொல்லுவன் என்று பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறாள், அண்டைக்கும், ஆறு நாளும், இருபது நாளும், மத்தியானம் வாங்கைப் பிடித்துக்கொண்டும், இப்ப இடக்காலை வைத்து இறங்கியும். சொல்லு வதனி. வாயைத் திற. மேலே ஒலிபெருக்கியில் ஒருத்தன் தொண்டையைச் செருமினான், பேர் சொல்லப்போகிறான், முழுப் பேரையும்.

"எனக்கென்ன இங்கிலீசு விளங்குது பிள்ளை?" என்றாள் வதனி. "நீதானே ஆறு நாள் எண்டு சொன்னனீ."

குரல் அவளுக்கே புதினமாய் இருந்தது, அவ்வளவு சாதாரணமாய் வந்தது. நிமிர்ந்து பார்க்கப் பயந்தாள், ஆனாலும் பார்த்தாள். ஆரபியின் முகத்தில் கோபம் இல்லை, அழுகையும் இல்லை. பெரிய மனிசி ஒருத்தி சின்னப் பிள்ளையைப் பார்க்கிற மாதிரித் தாயைப் பார்த்தாள்.

"ஓம்," என்றாள். "நான்தான் சொன்னனான்."

காலை வாங்கிலிருந்து இறக்கினாள். மூக்கைத் துடைத்த கடுதாசியைத் தாயின் கையில் வைத்தாள். கதவடிக்குப் போய், கம்பியைப் பிடியாமல், வலக்காலை முதல் வைத்து ஐஸில் இறங்கினாள். நடுவுக்குப் போய்க் கையைத் தூக்கி நின்றாள். பேர் சொன்னார்கள். வதனி எழும்பி எல்லாருக்கும் முதல் கை தட்டினாள்.